லெ காரேயின் சிறந்த நாவல் எது? குன்னூரில் நடந்த ஒரு வழக்கு

பிரிட்டிஷ் உளவு நாவலாசிரியர் ஜான் லெ காரேயை விரும்பிப் படிக்கிறவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், அவர் எழுதியவற்றுள் எது தலைசிறந்தது என்ற வழக்கு எழாமல் கூட்டம் கலைவதில்லை. குன்னூரில் நாங்கள் சிலர் மாதத்துக்கு ஒருமுறை, பெட்ஃபோர்டுக்கு மேலே மேட்டில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் புத்தகம் பேசக் கூடுகிறோம். இந்த வட்டத்துக்குப் பெயரும் கிடையாது, சந்தாவும் கிடையாது; தேநீரும் வர்க்கியும் வீட்டுக்காரர் பொறுப்பு, சண்டை மற்றவர்கள் பொறுப்பு. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லெ காரேயை எடுத்துக்கொண்டோம். அன்று என் கட்சியை முழுமையாகச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நடுவில் மின்சாரம் போனது ஒரு காரணம்; என்னைவிடக் குரல் பெரிதான இருவர் எதிரே அமர்ந்திருந்தது அதைவிடப் பெரிய காரணம். அங்கே விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். கதைகளின் முடிவைச் சொல்லாமல் இந்த வாதத்தைச் செய்ய இயலாது. ஆகையால் இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டேவிட் கார்ன்வெல் என்ற இயற்பெயருடைய லெ காரே 1931இல் பிறந்து 2020 டிசம்பரில் மறைந்தார். பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையிலும் பிறகு வெளிநாட்டு உளவுத்துறையிலும் வேலை பார்த்தவர். 1961இல் பெர்லின் சுவர் எழுந்த காலத்தில் பான் நகரத்துப் பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்தவர். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் வழக்கில் உண்மையில் நின்றவை மூன்றுதான்: 1963இல் வந்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’, 1974இல் வந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’, 1979இல் வந்த ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’. இவற்றுள் மூன்றாவது என் கட்சி. அதற்கு அந்த அறையில் என் ஓட்டு ஒன்றுதான் விழுந்தது.

‘டிங்கர் டெய்லர்’ கட்சியை எடுத்தவர் அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலையில் அலுவலகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரகசியம் காப்பேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாழ்நாளெல்லாம் கோப்புகளோடு இருந்த மனிதர் அந்த நாவலை விரும்பாமல் இருந்தால்தான் வியப்பு. பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ஒரு சோவியத் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் யார் என்பதை, துறையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள்ளேயே சோவியத் ஆளாக இருந்து, 1963 ஜனவரியில் மாஸ்கோவுக்குத் தப்பியோடிய கிம் ஃபில்பியின் நிழல் அந்தக் கதைமீது விழுந்திருப்பதை எல்லோரும் அறிவோம். ஸ்மைலி என்ன செய்கிறார்? பாடிங்டன் பக்கத்தில் ஒரு மலிவான விடுதியில் வேறு பெயரில் அறை எடுத்துக்கொண்டு இரவெல்லாம் பழைய கோப்புகளைப் படிக்கிறார். நாவலில் நம் நெஞ்சு படபடக்கும் இடம், ஸ்மைலிக்குத் துணை நிற்கும் பீட்டர் கில்லம் தன் சொந்த அலுவலகத்தின் பதிவறையிலிருந்தே ஒரு கோப்பைத் திருடும் இடம். கோப்பு எண்ணைக் கேட்டு, கையெழுத்திட்டு வாங்கி, அதன் இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டுத் திரும்பும்போது மேல்தளத்திலிருந்து அழைப்பு வருகிறது. கார்டைட் நண்பர் இந்தப் பகுதியைச் சொல்லும்போது எழுந்து நின்றே விட்டார். “ரெக்கார்ட் ரூம் க்ளார்க் நிமிர்ந்து பார்த்தால் போதும் சார், ஆள் முடிஞ்சான். துப்பாக்கி எதுக்கு?” என்றார். அந்தத் துறைக்குள் ஒரு நாள்கூட வேலை பார்க்காத வாசகனையும் அதன் மாடிப்படி, கதவு, பதிவேடு எல்லாவற்றிலும் பழகியவனாக ஆக்கிவிடுகிற நாவல் அது என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

1963 நாவலுக்காகப் பேசியவர் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியொன்றை, அதாவது படகர் ஊரொன்றை, சேர்ந்த தமிழாசிரியை. அவர் வாதத்தைத் தொடங்கிய விதம் எங்களில் யாரும் எதிர்பாராதது. ஒற்றாடல் அதிகாரத்தை எடுத்தார்.

“ஒற்றொற் றுணராமை யாள்க உடன்மூவர்
சொற்றொக்க தேறப் படும்.”

ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்கிறார் வள்ளுவர். அந்த நாவலின் கதையே இதுதான். லீமாஸ் என்ற களைத்துப்போன பிரிட்டிஷ் உளவாளி, குடித்துச் சீரழிந்தவனாக நடித்து, சிறைக்கும் போய்வந்து, எதிரிகளிடம் விலைபோனவனாகக் கிழக்கு ஜெர்மனிக்குச் செல்கிறான். அங்குள்ள உளவுத்துறையின் முண்ட் என்பவனை ஒழிப்பதற்காகவே தான் அனுப்பப்பட்டிருப்பதாக அவன் நம்புகிறான். முண்ட் பிரிட்டனின் ஆள் என்பதும், முண்டைச் சந்தேகித்த அதே துறை அதிகாரி ஃபீட்லரை ஒழித்து முண்டைக் காப்பதற்கே தன்னை அனுப்பினார்கள் என்பதும், விசாரணை மன்றத்தில் எல்லாம் கைமீறிய பிறகுதான் அவனுக்கு விளங்குகிறது. “வள்ளுவர் ஆள்கிறவனின் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னார், இந்த மனிதர் ஆளப்பட்ட ஒற்றனின் தோளுக்குப் பின்னால் நின்று எழுதினார்” என்று ஆசிரியை சொன்னபோது அறை சற்று நேரம் அடங்கியது. கார்டைட் நண்பர்தான் அதைக் கலைத்தார். “முந்தின குறளை விட்டுட்டீங்களே டீச்சர், அது என் கட்சி” என்று, ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனால் சரிபார்த்துக்கொள் என்ற 588ஆம் குறளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மெர்லின் என்ற ஒரே மூலத்திலிருந்து வரும் தகவலை மேலதிகாரிகள் வாரி வாரி வாங்கிக்கொண்டதுதான் ‘டிங்கர் டெய்லர்’ கதையில் அந்தத் துறை கெட்ட வழி என்பதால், அவர் இழுத்தது நியாயமான இழுப்புதான்.

கிரஹாம் கிரீன் தாம் படித்த உளவுக் கதைகளிலேயே சிறந்தது என்று சொன்னது 1963 நாவலைத்தான். கையில் எடுத்தால் ஒரே இரவில் முடித்துவிடக்கூடிய அளவு. தேவையற்ற ஒரு பத்தியைக் காட்டு என்றால் என்னால் காட்ட முடியாது. கட்டுமானத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் ஆசிரியையின் பக்கம்தான் நானும் போயிருப்பேன்.

மற்ற கட்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலிருந்து பேருந்தில் வந்திருந்த ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர், 1986இல் வந்த ‘எ பெர்ஃபெக்ட் ஸ்பை’ நாவலைத் தவிர வேறெதையும் இலக்கியம் என்றே ஒப்பவில்லை. போருக்குப் பிந்தைய ஆங்கில நாவல்களில் மிகச் சிறந்தது அதுவே என்று பிலிப் ராத் சொன்னதை அவர் மேற்கோள் காட்டாத கூட்டம் இல்லை. லெ காரேயின் தந்தை ரானி, காப்பீட்டு மோசடியில் சிறை சென்றவர். மகனின் வாழ்நாள் முழுவதும் கடனும் பொய்யும் கவர்ச்சியுமாக நிறைந்திருந்தவர். அந்தத் தந்தை நாவலில் ரிக் பிம் என்ற பெயரில் வருகிறார். ரிக் வரும் பக்கங்களுக்கு ஈடாக லெ காரே வேறெங்கும் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிக் பக்கத்தைவிட்டு நகர்ந்ததும் மகன் மேக்னஸின் உளவு வாழ்க்கை வெளிறிப்போகிறது. வீட்டிலிருந்தபடி மென்பொருள் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர், கென்யாவில் ஏழை நோயாளிகள்மீது காசநோய் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் நிறுவனங்களைப் பற்றிய ‘தி கான்ஸ்டன்ட் கார்டனர்’ (2001) தான் இன்றைக்குப் பொருந்துவது என்றார். பொருந்துகிறதுதான், அதில் லெ காரேயின் கோபம் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. தேயிலைத் தொழிற்சாலை நடத்தும் நண்பர் ‘தி ஹானரபிள் ஸ்கூல்பாய்’ (1977) பெயரைச் சொன்னார். ஹாங்காங், கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து என்று சுற்றும் அந்தப் பெரிய புத்தகத்தை முழுதாகப் படித்தவர் அங்கு அவர் ஒருவரே என்பதால் யாராலும் எதிர்வாதம் செய்ய முடியவில்லை.

இனி என் கட்சி. அது தொடங்குவது ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’ நாவலில் அன்று, ‘டிங்கர் டெய்லர்’ நடுவே வரும் ஒரு டெல்லிச் சிறையறையில். 1955. மாஸ்கோவுக்குத் திருப்பி அழைக்கப்பட்டு, போனால் பெரும்பாலும் சாவுதான் என்ற நிலையில் இருக்கும் ஒரு சோவியத் உளவாளியை இந்தியச் சிறையில் ஸ்மைலி சந்திக்கிறார். பிற்காலத்தில் கார்லா என்று அறியப்படப் போகிறவன் அவன். மேற்குக்கு வந்துவிடு என்று ஸ்மைலி பேசுகிறார். டெல்லி வெயில், உடம்பில் காய்ச்சல், எதிரே ஒரு சொல்லும் பேசாத மனிதன். அந்த மௌனத்தை நிரப்புவதற்காகப் பேசிப் பேசி, தன் மனைவி ஆனைப் பற்றிய தன் கவலைகளையே அவனிடம் கொட்டிவிடுகிறார். விசாரிக்கப் போனவரே விசாரிக்கப்பட்டவர் ஆகிறார். கார்லா ஊர் திரும்புகிறான். ஆன் அன்போடு பெயர் பொறித்துக் கொடுத்த சிகரெட் லைட்டர் அவனோடு போய்விடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் போகிறது. ஸ்மைலியின் பலவீனம் அவர் மனைவி என்ற செய்தி அது. பிறகு துறைக்குள் இருக்கும் தன் ஆளை ஆனின் காதலனாக ஆக்கி, ஸ்மைலியின் கண்ணைக் கார்லா கட்டுவது இந்தச் செய்தியை வைத்துத்தான்.

1979 நாவல் பாரிஸில் வாழும் ஒஸ்ட்ராகோவா என்ற ரஷ்யப் பெண்மணியிடம் தொடங்குகிறது. பிரிந்துபோன மகளை அனுப்பி வைக்கிறோம் என்று ஒருவன் வந்து சொல்கிறான். அந்தச் செய்தியின் நுனியைப் பிடித்த விளாதிமிர் என்ற முதிய எஸ்டோனியத் தளபதி லண்டன் ஹாம்ஸ்டெட் ஹீத் திடலில் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஓய்விலிருக்கும் ஸ்மைலியை அழைத்து, சத்தமில்லாமல் இதை மூடிவிடுங்கள் என்கிறார்கள். அவர் மூடுவதற்குப் பதிலாக, இறந்தவர் நடந்த வழியில் தானும் நடந்து பார்க்கிறார். கடைசியில் ஒரு மரத்துக் கிளையிடுக்கில் ஒரு சிகரெட் பெட்டியைக் கண்டெடுக்கிறார். என்னிடம் இருக்கும் பிரதி குன்னூர்ப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடிந்து ஊர் மாறிப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் புத்தகங்கள் அங்கே வந்து சேரும். இந்த மலை ஈரத்தில் அட்டை பூத்து, பக்கங்கள் ஓரத்தில் பழுத்துப்போன அந்தப் பிரதியில், முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கோடிட்டிருப்பது ஒரே ஓர் அத்தியாயத்தில்தான். அது இந்த ஹாம்ஸ்டெட் அத்தியாயம். முகம் தெரியாத அந்த மனிதர் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தால் என் ஓட்டு இரண்டாகியிருக்கும்.

ஆனால் நான் வாதத்தை நிறுத்தும் இடம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். அங்குள்ள சோவியத் தூதரகத்தின் வணிக ஆலோசகர் கிரிகோரியெவ். மனைவிக்கு அஞ்சி நடுங்கும் மனிதர். கார்லாவின் மனநலம் குன்றிய மகளைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்தில் வைத்து ரகசியமாகப் பராமரிக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. அவரைப் பிடித்துக் கொண்டுவந்து ஸ்மைலியின் முன்னால் உட்கார வைக்கிறார்கள். இங்கே ஸ்மைலி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மிரட்டவில்லை; உபதேசம் செய்யவில்லை; ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, சலிப்பூட்டும் அரசு அதிகாரியைப் போல, எந்தத் தேதி, யார் சொன்னார்கள், அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறார். கிரிகோரியெவ் அழுதும் சிரித்தும் தன்னை நியாயப்படுத்தியும் கொட்டித் தீர்க்கிறார். டெல்லியில் பேசித் தோற்றவர் பெர்னில் பேசாமல் வெல்கிறார். டெல்லியில் கார்லா உட்கார்ந்திருந்த விதத்தில் இப்போது ஸ்மைலி உட்கார்ந்திருக்கிறார். நாவல் இதை எங்கும் விளக்கிச் சொல்லி நம்மை அவமதிப்பதில்லை.

அந்த வெற்றி எதனால் ஆனது? பெற்ற மகளின்மேல் ஒருவன் வைத்த அன்பினால். உன் மகளை நாங்கள் அறிவோம், நீ வராவிட்டால் அவள் கதி என்னவாகும் என்பதையும் அறிவோம் என்பதே ஸ்மைலி கார்லாவுக்கு அனுப்பும் செய்தியின் சாரம். இந்த இடத்தில்தான் 1963 நாவலை மறுபடி கையில் எடுக்க வேண்டும். அங்கே லீமாஸை நேசித்த லிஸ் கோல்ட் என்ற அப்பாவிப் பெண்ணின் அன்பை உளவுத்துறை கருவியாக்கியது. அவளைப் போய்ப் பார்த்து, தன் முகவரி அட்டையையும் கொடுத்துவிட்டு வந்தவர் ஸ்மைலிதான். கடைசியில் பெர்லின் சுவரின் மேற்குப் பக்கத்திலிருந்து கேட்கும் குரலும் அவருடையதுதான். ஆயினும் அந்தத் திட்டத்தை வகுத்தது தலைமை. ஸ்மைலி விளிம்பில் நின்ற, மனம் ஒப்பாத ஆள் என்று வாசகன் அவரை மன்னித்துவிட முடிந்தது. 1979இல் அந்த இடம் அடைபட்டுவிட்டது. திட்டமும் அவருடையது, கையும் அவருடையது. மூன்று நாவல்களாக அவர் வெல்ல வேண்டும் என்று நாம்தான் ஆசைப்பட்டோம். அந்த ஆசைக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. கார்லா பெர்லினில் பாலத்தைக் கடந்து வருகிறான். லைட்டரைக் கீழே போடுகிறான். ஸ்மைலி அதைக் குனிந்து எடுக்கவில்லை. நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று கில்லம் சொல்லும்போது அவரிடமிருந்து வருவது ஒரு தயக்கமான ஆமோதிப்பு மட்டும். எதிரி மனிதனாக மாறிய கணத்தில் அவன் தோற்கிறான், வென்றவர் எதிரியாக மாறித்தான் வெல்கிறார் என்ற கணக்கை இத்தனை கொடூரமாக முடித்த உளவு நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

கார்டைட் நண்பரின் ஆட்சேபம் வலுவானது. முந்தைய புத்தகங்களைப் படிக்காதவனுக்கு இந்த முடிவில் பாதிகூடப் புரியாது. தன் காலில் நிற்காத ஒன்றைச் சிறந்தது என்று எப்படிச் சொல்வது என்றார். கம்பனில் யுத்த காண்டமே உச்சம் என்கிறவரிடம், பால காண்டம் தெரியாதவனுக்கு அது விளங்குமா என்று யாரும் வழக்காடுவதில்லை. அதை நான் சொல்ல வாயெடுத்தபோதுதான் விளக்கு அணைந்தது. ஆசிரியையின் ஆட்சேபம் வேறு வகை. கார்லாவைப் போன்ற ஒருவன் மகளுக்காக எல்லாவற்றையும் விட்டு வருவான் என்பது லெ காரே நமக்குக் கொடுத்த மிட்டாய் என்கிறார் அவர். மகளின் கண்ணோட்டத்தில் வரும் பகுதிகள் மற்றவற்றைவிட மெலிந்தவை என்பதை நானும் உணர்கிறேன். ஆனால் முண்டைக் காப்பதற்காக லிஸ்ஸைச் சாகவிடுகிற உலகத்தை நம்புகிறவர், அதே உலகத்தில் ஒரு கொடியவனுக்கு மகள்மேல் பாசம் இருப்பதை நம்ப மறுப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. தலைக்கு மேல் கத்தி தொங்கும்போதும் டெல்லியிலிருந்து மாஸ்கோவுக்கே திரும்பிப் போன மனிதன் அவன். அவ்வளவு பிடிவாதம் உள்ளவனுக்கு ஒரே ஒரு பற்று இருந்தால், அதுவும் அவ்வளவு பிடிவாதமாகத்தானே இருக்கும்?

அன்று ஓட்டெடுப்பில் ‘டிங்கர் டெய்லர்’ வென்றது. 1979இல் பிபிசி தொடராக வந்தபோது ஸ்மைலியாக நடித்த அலெக் கின்னஸுக்கு அதில் பாதி ஓட்டுச் சேரும் என்பது என் ஐயம். எங்களில் பலர் புத்தகத்தைப் படிக்கும்போதும் அவர் மூக்குக்கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1963, 1974, 1979 என்ற வரிசையில் மூன்றையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். ஊட்டி நீலகிரி நூலகத்தில் உறுப்பினராக இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் முதலில் அங்கே தேடச் சொல்லிவிட்டு, கிடைக்காவிட்டால் மட்டும் காசு செலவழிக்கலாம். நடுவில் வரும் ‘தி ஹானரபிள் ஸ்கூல்பாய்’ நாவலைத் தாண்டிப் போகலாம் என்று நான் எழுதுவதைத் தேயிலைத் தொழிற்சாலை நண்பர் மன்னிக்கப் போவதில்லை. தாண்டிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: துறையின் தலைமை அதில் ஸ்மைலியின் கைக்கு வருகிறது, ஹாங்காங்கில் அவர் பிடித்த பெரிய மீனை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதோடு பதவியும் போய்விடுகிறது. 1979 நாவலில் நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும்போது அவர் வீட்டில் ஓய்வாக இருப்பது அதனால்தான்.